கைத்தொழில் மேதை ஜி. டி. நாயுடு

ஆண்டுதோறும் நவராத்திரி நிறைவெய்தும் வேளையில் நாம் ஆயுத பூசை செய்கின்றோம். மாணவன் தன் ஏட்டையும் எழுதுகோலையும் கலைமகள் திருமுன் வைக்கின்றான். உழவன் தன் மண்வெட்டிக்கும், தச்சன் தன் உளிக்கும், சாரதி தன் வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றான். கல்வியும் கருவியும் ஒரே அருளின் இரு முகங்கள் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும் பூசை முடிந்த மறுநாளே ஏட்டை உயர்த்தியும் கருவியைத் தாழ்த்தியும் பேசும் வழக்கம் நம்மிடையே இருந்து வருகின்றது. பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி மகிழ்கின்றோம். கராஜில் வேலை பழகும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல நாணுகின்றோம்.

இந்த நாணம் எத்துணைப் பொருளற்றது என்பதைத் தம் வாழ்வால் எடுத்துக் காட்டியவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள். கல்லூரிப் படியை மாணவராக மிதியாத இவர், பின்னாளில் ஒரு தொழிற்கல்லூரியின் அதிபராகவே அமர்ந்தார். அன்னாரின் வரலாற்றைச் சங்கத்து இளைஞரும் பெரியோரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இங்கே சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது அன்னாரின் முழுப்பெயர். கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23 ஆந் திகதி ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சொன்னதைச் சொன்னபடி ஒப்புவிக்கும் முறையில் அவர் மனம் நிலைகொள்ளவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆனால் அறிவுப்பசி நிற்கவில்லை. கையிற் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். கண்ணிற் பட்ட பொருள்களையெல்லாம் ஆராய்ந்தார்.

அக்காலத்தில் அவ்வூர்ப் பக்கம் வந்த ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறிவந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகின்றது. கண்டோர் பலர் வியந்தனர். வியந்தபின் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். துரைசாமியால் அவ்வாறு செல்ல முடியவில்லை. அது எப்படி ஓடுகின்றது என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அத்தகைய வண்டியொன்று தமக்கும் வேண்டுமென்று உறுதி கொண்டார். கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பணியாளாக அமர்ந்தார். மேசை துடைத்தும் உணவு பரிமாறியும் சில ஆண்டுகள் காசு சேர்த்தார். சேர்த்த பணத்தைக் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார்.

பிரித்துப் பார்த்த வண்டி

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அதனை ஆணி ஆணியாகப் பிரித்தார். எப்பாகம் எப்பாகத்தோடு பொருந்துகின்றது, எது எதனை இயக்குகின்றது என்று கண்டறிந்து, மீண்டும் பூட்டினார். இவ்வாறு பிரிப்பதும் பூட்டுவதுமே அவருக்குப் பாடசாலையாயிற்று. ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை, பிழையாகப் பூட்டினால் இயந்திரம் ஓடாது. அது ஒன்றே அவருக்கு வாய்த்த பரீட்சகர். மனிதப் பரீட்சகர் சில வேளை இரங்கிப் புள்ளி இடுவர்; இயந்திரம் எவருக்கும் இரங்குவதில்லை. அத்தகைய பரீட்சையில் தேறியமையாலேயே பிற்காலத்தில் எந்த இயந்திரத்தைக் கண்டும் அவர் அஞ்சவில்லை.

இதன்பின் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். முதலில் இலாபம் வந்தது. பெருவணிகம் செய்யக் கருதிப் பம்பாய்க்குச் சென்றார். ஈட்டிய பொருளை அங்கே இழந்தார். வெறுங்கையராய்த் திரும்பினாலும் மனம் சோரவில்லை. தமக்கு உண்மையில் தெரிந்த தொழில் எதுவென்று எண்ணிப் பார்த்தார். மோட்டார் வண்டியே விடையாகத் தோன்றியது.

பஸ் சாரதி

கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலத் தொழிலதிபர் இவருடைய திறமையை அறிந்து பொருளுதவி செய்தார். அதனைக் கொண்டு 1920 ஆம் ஆண்டில் ஒரு பஸ் வண்டியை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடவிட்டார். முதலாளியும் அவரே, சாரதியும் அவரே. பழனியாண்டவன் சந்நிதியை நாடிச் செல்லும் அடியார் பலர் அவ்வண்டியில் ஏறிச் சென்றிருப்பர்.

அந்நாளைய பஸ்ஸை ஓட்டுவது எளிதன்று. ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பச் சாரதியின் தோள்வலியே துணை. வண்டி நிற்கும்போது முன்சில்லுகளைத் திருப்பவேண்டுமாயின், பாரமனைத்தும் தாங்கி நிலத்தோடு பதிந்து கிடக்கும் டயர்களைத் தேய்த்துத் திருப்பவேண்டும். நிறைபாரம் ஏற்றிய பழைய லொறியை மணற்பாங்கான ஒழுங்கையிலே திருப்பியறிந்த நம் புத்தளப் பகுதிச் சாரதிமாருக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

ஒரு பஸ் பலவாகப் பெருகியது. யூனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் என்னும் அவருடைய கம்பனி, யூ. எம். எஸ். என்னும் மூன்றெழுத்துகளால் தென்னாடெங்கும் அறியப்பட்டது. குறித்த நேரத்தில் வண்டி புறப்படவேண்டும், குறித்த நேரத்தில் சேரவேண்டும் என்பதில் அவர் கண்டிப்புடையவர். வண்டிகள் பழுதுற்றால் பிறரிடம் அனுப்பவில்லை. தம் தொழிற்சாலையிலேயே செப்பனிட்டார். வேண்டிய கருவி கடையிற் கிடையாதபோது தாமே செய்தார். பஸ் கம்பனியின் பட்டறையே அவருடைய ஆராய்ச்சிக்கூடமாயிற்று.

மின்மோட்டார் பிறந்த கதை

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணற்று நீரை மாடு கட்டி இறைத்த உழவர், மின்சாரத்தால் இறைக்கலாம் என்று கேள்வியுற்றனர். ஆனால் மின்சாரத்தை வேலையாக மாற்றும் மோட்டார் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. பழுதுற்றால் உதிரிப்பாகமும் கப்பலில் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

இந்நிலையில் 1937 ஆம் ஆண்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த பீளமேட்டில் ஒரு மின்மோட்டார் செய்யப்பட்டது. ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இணைந்து உருவாக்கிய அம்மோட்டாரே இந்திய நாட்டிற் செய்யப்பட்ட முதலாவது மின்மோட்டார் எனப் போற்றப்படுகின்றது. பாலசுந்தரம் அவர்கள் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெருந்தொழிற்சாலையை நிறுவினார். நாளடைவில் கோயம்புத்தூர் இந்தியாவெங்கும் நீரிறைக்கும் பம்புகளையும் மோட்டார்களையும் அனுப்பும் நகரமாக வளர்ந்தது.

மின்மோட்டாரின் தத்துவம் கேட்பதற்கு எளியது. இரும்பின்மேல் செப்புக்கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் அது காந்தமாகின்றது. காந்தம் காந்தத்தை ஈர்ப்பதும் தள்ளுவதும் நாம் அறிந்ததே. அந்த இழுப்பையும் தள்ளலையும் ஒரு தண்டைச் சுற்றி முறையாக அமைத்தால் தண்டு சுழலுகின்றது. செய்து பார்த்தாலன்றி அதன் இடர்ப்பாடு விளங்காது. இரும்பைக் கட்டியாக வைத்தால் வீணே சூடேறும். ஆகவே மெல்லிய தகடுகளாக அடுக்கவேண்டும். கம்பிச்சுற்றுகளின் மேற்பூச்சுச் சிறிது உரிந்தாலும் மோட்டார் எரிந்துவிடும். அசையும் பாகத்துக்கும் அசையாப் பாகத்துக்கும் இடையிலுள்ள வெளி மயிரிழை அளவே இருக்கவேண்டும். ஒன்றையொன்று தொடவும் கூடாது. இத்தனையையும் உள்ளூர்த் தொழிலாளரின் கைகளைக்கொண்டே செய்து முடித்தமைதான் 1937 ஆம் ஆண்டின் சாதனை.

கைப்பிடிக்குள் அடங்கிய மோட்டார்

நாயுடு அவர்களின் கருத்து பெரிய மோட்டாரோடு அமையவில்லை. உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரையும் அவர் விரும்பினார். ராசன்ட் என்னும் மின்சவரக் கருவியை அவர் ஆக்கினார். உலர்மின்கலத்தால் இயங்கும் சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று அதன் கைப்பிடிக்குள் இருந்தது. மோட்டாரைச் சிறிதாக்குவது, பெரிய மோட்டாரைச் செய்வதிலும் கடினமான தொழில். உருவம் சிறுத்தால் வலிமையும் குறைகின்றது. வலிமையைக் கூட்ட மின்சாரத்தை மிகுத்தால் சூடேறுகின்றது. சூடு வெளியேற இடமில்லை. சிறிதளவு கோணினாலும் கையிலே அதிர்ச்சி தெரிகின்றது. இடமும் வலிமையும் சூடும் அதிர்ச்சியும் ஒன்றோடொன்று பொருதும்போது நான்கையும் இணங்கச் செய்பவனே நல்ல தொழில்வல்லான்.

மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, கள்ளம் புக முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பல பொருள்களை அவர் ஆக்கினார். 1941 ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குச் செய்து தரமுடியும் எனக் காட்டினார். 1952 ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெற்றோல் கார் ஒன்றை 2,000 ரூபா விலையில் அமைத்தார். ஆனால் அதனைப் பெருவாரியாகச் செய்ய அரசாங்கத்தின் அநுமதி கிடைக்கவில்லை. ஏழை எளியவரும் ஏறத்தக்க கார் பட்டறையோடு நின்றுபோயிற்று.

ஸ்டியரிங்கினுள் புகுந்த மின்மோட்டார்

நாயுடு அவர்கள் பஸ் ஓட்டிய அதே காலத்தில், அமெரிக்க நாட்டில் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறியியலாளர் சாரதியின் தோள்வலியைக் குறைக்க வழி தேடினார். பாரமான லொறிகளைத் திருப்புவோர் படும் பாட்டை அவர் அறிந்திருந்தார். எண்ணெயின் அழுத்தத்தால் ஸ்டியரிங்குக்குத் துணைசெய்யும் அமைப்பை ஆக்கி 1926 இல் ஒரு காரிற் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஆயினும் 1951 ஆம் ஆண்டிலேயே கிறைஸ்லர் கம்பனி அத்தகைய அமைப்பை விற்பனைக் காரில் முதன்முதலாக வழங்கியது. நல்ல கருத்து உலகுக்குப் பயன்படக் கால்நூற்றாண்டு காத்திருந்தது.

எண்ணெய் அமைப்பில் ஒரு குறை உண்டு. வண்டி நேராகச் செல்லும்போதும் எஞ்சின் அந்தப் பம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும், எரிபொருள் வீணாகின்றது. இதற்கு மாற்றாக மின்மோட்டாரை வைக்க முயன்றனர். 1988 ஆம் ஆண்டில் யப்பானின் சுசுகி கம்பனி தன் செர்வோ என்னும் சிறு காரில் அதனைப் பொருத்தியது. இன்று யப்பானிலிருந்து வந்து நம் கொழும்பு - புத்தளம் வீதியில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது இவ்வகையே. தமிழ்நாட்டிலும் ரானே குழுமத்தின் தொழிற்சாலையில் இத்தகைய மின் ஸ்டியரிங் செய்யப்படுகின்றது.

அது வேலை செய்யும் விதம் அறியத்தக்கது. சாரதி சக்கரத்தைத் திருப்பும்போது அதன் தண்டிலுள்ள மெல்லிய கம்பமொன்று சிறிதளவு முறுகுகின்றது. எவ்வளவு முறுகியது என்பதை ஓர் உணர்கருவி அளந்து சிறு கணிப்பொறிக்கு அறிவிக்கின்றது. வண்டியின் வேகத்தையும் சேர்த்து நோக்கி, எவ்வளவு துணை வேண்டுமென்று அது மோட்டாருக்குக் கட்டளையிடுகின்றது. மோட்டாரின் தண்டில் திருகாணிபோன்ற புரி உண்டு. அப்புரி ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகின்றது. மோட்டார் பலமுறை சுழல, ஸ்டியரிங் தண்டு ஒருமுறை திரும்புகின்றது. வேகம் குறைந்து வலிமை பெருகுகின்றது. மெதுவாக ஓடும்போதும் நிறுத்துமிடத்திலும் துணை மிகுதி. விரைந்து ஓடும்போது துணை குறைவு. திருப்பாதபோது மோட்டார் வாளாவிருக்கின்றது.

இம்மோட்டார் 12 வோல்ற் பற்றரியால் இயங்கவேண்டும். சாரதியின் முழங்காலுக்கருகே சிறு இடத்தில் ஒடுங்கவேண்டும். ஓசை எழுப்பக் கூடாது. கையிலே துடிப்புத் தெரியக் கூடாது. 1980 களில் வெளிவந்த நியோடிமியம் என்னும் வலிய காந்தங்கள் இதற்குப் பெருந்துணையாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் செயலிழந்தாலும் சக்கரத்துக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறாமல், சாரதி தன் கைவலியாலேனும் வண்டியைத் திருப்பக்கூடியதாக அமைத்துள்ளனர்.

மின் ஸ்டியரிங்கை நாயுடு அவர்கள் செய்தாரல்லர். அது பரவுமுன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் ஒரு கையால் பஸ்ஸின் ஸ்டியரிங்கையும் மறு கையால் சிறு மின்மோட்டாரையும் அறிந்தவர் அவர். அவ்விரண்டும் இன்று ஒரே கருவியாகிவிட்டதைக் கண்டிருந்தால், முதல் வேலையாக அதைக் கழற்றிப் பிரித்துப் பார்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

கல்விப் பணி

ஈட்டிய பொருளைக் கல்விக்கு வழங்கியவர் நாயுடு அவர்கள். அக்காலச் சென்னை ஆளுநரின் பெயரால் ஆர்தர் ஹோப் தொழிற்கல்விக்கூடம் கோயம்புத்தூரில் எழுந்தது அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலுமே. 1945 ஆம் ஆண்டில் அங்கே அவரே அதிபராக விளங்கினார். ஆனால் பொறியியல் கற்க நான்கு ஆண்டு வேண்டியதில்லை, செய்து பழகினால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. கொள்கையை விடுவதினும் பதவியை விடுதல் நன்றென்று கருதி அவர் விலகினார். பின்னர், வேலை வேண்டிவந்த இளைஞருக்காக இயந்திரம், வானொலி, மோட்டார் வண்டி முதலியவற்றில் குறுகியகாலப் பயிற்சிகளை நடத்தினார். அவர் தொடங்கிய கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது.

குறையும் நிறையும்

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது நிறையை மட்டும் கூறுதல் முறையன்று. அவருடைய கண்டுபிடிப்புகள் பலவாயினும், மக்கள் கையில் நிலைத்து வாழ்ந்தவை சிலவே. ராசன்ட் இன்று கடைகளில் இல்லை. கார் வீதிக்கு வரவேயில்லை. அநுமதி மறுத்த அரசாங்கத்தின்மேல் ஒரு பழி உண்டெனின், ஒன்றை முடித்து நிலைநிறுத்துமுன் மற்றொன்றுக்குத் தாவும் அவருடைய இயல்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டு எனலாம். நான்கு ஆண்டுக் கல்வி வீண் என்ற கருத்தையும் நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. இன்றைய மின் ஸ்டியரிங்கைப் புதிதாக வகுப்பவனுக்குக் கணிதமும் பௌதிகமும் ஆழமாக வேண்டும். கைப்பழக்கம் மட்டும் அங்கே போதாது. அவர் வாழ்வு நமக்குச் சொல்வது ஏட்டைக் கைவிடு என்பதன்று. ஏட்டோடு நின்றுவிடாதே என்பதேயாம்.

1974 ஆம் ஆண்டு சனவரி மாதம் 4 ஆந் திகதி நாயுடு அவர்கள் காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் அவர் பெயரால் அமைந்த கண்காட்சிச்சாலையில் அவருடைய கருவிகளை இன்றும் காணலாம். அதே வீதியின்மேல் 2025 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நமக்குரிய பாடம்

சங்கத்து இளைஞர்காள்! கனமூலையிலிருந்து பொறியியற் கல்லூரி தொலைவிலுள்ளது. ஆனால் பழுதுற்ற மோட்டார் தொலைவில் இல்லை. நீரிறைக்கும் பம்பிலும், காற்றாடியிலும், கழற்றி வீசப்பட்ட காரின் ஸ்டியரிங்கிலும் அது நம்மருகே கிடக்கின்றது. மின் ஸ்டியரிங் பழுதுற்றால் முழுப்பகுதியையும் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவதே பெரும்பாலும் வழக்கம். கழற்றியதை உள்ளே திறந்து பார்ப்போர் அரியர். ஓடும் வண்டியில் ஒருபோதும் சோதனை செய்யாதீர். ஸ்டியரிங் உயிரோடு தொடர்புடையது. வீசப்பட்டதை வாங்கி, பட்டறை மேசையில் வைத்து, அநுபவமுள்ள தொழிலாளி ஒருவரின் பக்கத்திலிருந்து பிரியுங்கள். புரிச் சக்கரத்தைக் காணுங்கள்; கம்பிச்சுற்றை எண்ணுங்கள்; காந்தத்தின் வலிமையைக் கையால் உணருங்கள். மாலையில் அதன் தத்துவத்தை நூலிலே தேடிப் படியுங்கள்.

பெரியோர்களே! கறுத்த எண்ணெய் படிந்த கையோடு மாலையில் வீடு திரும்பும் பிள்ளையைக் கண்டு மனம் வருந்தாதீர்கள். உணவு விடுதியில் மேசை துடைத்துக் காசு சேர்த்த ஒரு பிள்ளையின் பெயரைத்தான் இன்று கோயம்புத்தூரின் மேம்பாலம் தாங்கி நிற்கின்றது. சங்க மண்டபத்தின் ஒரு மூலையில் பழைய மோட்டார்கள் சிலவும், திருகுக் கருவிகள் சிலவும், ஒரு மேசையும் இருக்குமாயின் வார இறுதியில் பத்துப் பிள்ளைகள் அங்கே கற்பர். அடுத்த ஆயுத பூசையன்று அம்மேசைக்கும் ஒரு பொட்டு இடுவோமாக.

ஜி. டி. நாயுடு நாமம் வாழ்க! கைத்தொழில் ஓங்குக!